6502 முதல் ஆர்ம் வரை: பழைய செயலிகளை எதை வைத்து எடை போடுவது?

கேட்கப்பட்டது இது: 6502, இசட் 80, 8086, 68000 ஆகிய பழைய செயலிகளில் எதன் வடிவமைப்பு சிறந்தது? 1 மெகாஹெர்ட்ஸ் 6502, 4 மெகாஹெர்ட்ஸ் இசட் 80-க்கு ஈடு கொடுத்தது என்கிறார்களே, அது உண்மையா? 68000 அவ்வளவு நேர்த்தியாக இருந்தும் 8086-இன் வாரிசுகள்தானே நிலைத்தன, ஏன்? இன்று அசெம்பிளி மொழி (செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) கற்க நினைப்பவர் எதில் தொடங்கலாம்?

மெகாஹெர்ட்ஸ் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இந்த வகை ஒப்பீடுகளில் மிக அதிகமாக ஏமாற்றும் எண் அதுதான்.

6502 ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் (1 மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு) நினைவகத்தை ஒரு முறை தொடும். இசட் 80 அப்படியல்ல. ஒரு கட்டளையின் முதல் பைட்டை எடுக்க அதற்கு நான்கு துடிப்புகள் வேண்டும்; சாதாரணமாக ஒரு பைட்டைப் படிக்க மூன்று. ஆக 1 மெகாஹெர்ட்ஸ் 6502 ஒரு விநாடியில் நினைவகத்தைத் தொடுவது பத்து லட்சம் முறை. 4 மெகாஹெர்ட்ஸ் இசட் 80 தொடுவது பத்து முதல் பதின்மூன்று லட்சம் முறை. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகமுள்ள நினைவகச் சில்லுகளோடுதான் வேலை செய்தன. கடிகாரத்தை எத்தனை கூறுகளாக வெட்டிக்கொள்வது என்பதில்தான் வேறுபாடு.

அதனால் இரண்டும் சமம் என்று ஆகிவிடாது. என்ன வேலை என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஒரு முகவரியிலிருந்து சில பைட்டுகள் தள்ளி இருக்கும் மதிப்பை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6502-இல் பூஜ்யப் பக்கத்தின் (நினைவகத்தின் முதல் 256 பைட்டுகள்) வழியாக, 'ஒய்' பதிவகத்தை (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) சேர்த்து எடுத்தால் 5 துடிப்பு, அதாவது 5 மைக்ரோ விநாடி. இசட் 80-இல் 'ஐஎக்ஸ்' பதிவகத்தைக் கொண்டு எடுத்தால் 19 துடிப்பு. 4 மெகாஹெர்ட்ஸில் அது 4.75 மைக்ரோ விநாடி. இங்கே இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. ஆனால் இரண்டு 16 பிட் எண்களைக் கூட்டச் சொல்லுங்கள். 6502 எட்டு எட்டு பிட்டாக எடுத்து, கூட்டி, திரும்ப வைத்து என்று 20 துடிப்புகளைச் செலவிடும். எண்கள் ஏற்கெனவே பதிவகங்களில் இருந்தால் இசட் 80 அதை 11 துடிப்பில் முடித்துவிடும்; அது மூன்று மைக்ரோ விநாடிக்கும் குறைவு. பொதுவான நிரல்களில் 1 மெகாஹெர்ட்ஸ் 6502-ஐ இரண்டு, இரண்டரை மெகாஹெர்ட்ஸ் இசட் 80-க்கு நிகராக வைப்பது நியாயமான மதிப்பீடு. நான்குக்கு ஈடு என்பது ரசிகர்களின் கணக்கு.

இனி முதல் கேள்வி. எந்தத் தட்டுப்பாட்டுக்கு எந்தச் செயலி பதில் சொன்னது என்று பார்க்காமல் அதற்கு விடை தேட முடியாது. டிரான்சிஸ்டர்கள், சில்லின் ஊசிகள், நினைவகத்தின் அளவு, நினைவகத்தின் வேகம் ஆகியவற்றில் அந்தந்த ஆண்டில் எது அரிதோ அதைச் சிக்கனம் செய்வதுதான் வடிவமைப்பு. சிக்கனம் செய்ததில் தவறில்லை. செய்த சிக்கனம் சில்லுக்குள் மறைந்திருந்ததா, நிரல் எழுதுபவரின் கண்ணில் படும்படி கட்டளைத் தொகுதிக்குள் (செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல்) கசிந்துவிட்டதா என்பதே நான் எப்போதும் பார்க்கும் விஷயம். உள்ளே மறைந்திருந்தால் அடுத்த தலைமுறைச் சில்லில் திருத்திவிடலாம். வெளியே கசிந்துவிட்டால் அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உள்ளவரை சுமக்க வேண்டும்.

6502 வெளிவந்தது 1975-இல். மோட்டோரோலாவில் 6800 செயலியில் வேலை செய்த சக் பெடில், பில் மென்ஷ் உள்ளிட்ட சிலர் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனத்துக்கு வந்து உருவாக்கியது. விலை 25 டாலர். போட்டியாளர்களின் செயலிகள் அப்போது பல மடங்கு விலையில் விற்றுக்கொண்டிருந்தன. மலிவாக விற்கச் சில்லு சிறியதாக இருக்க வேண்டும். மொத்தம் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள்தான். பதிவகங்கள் கடுமையாக வெட்டப்பட்டன: கணக்குக்கு ஒன்று, சுட்டுவதற்கு எட்டு பிட்டில் இரண்டு ('எக்ஸ்', 'ஒய்'), அவ்வளவுதான். அதற்கு ஈடாக நினைவகத்தின் முதல் 256 பைட்டுகளுக்குத் தனிச் சலுகை தரப்பட்டது. அந்தப் பூஜ்யப் பக்கத்தைத் தொடும் கட்டளைகள் ஒரு பைட் குறைவு, ஒரு துடிப்பு விரைவு. பதிவகங்களைச் சில்லிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். நினைவகமும் செயலியும் ஒரே வேகத்தில் நடந்த காலம் அது. அதனால் இந்த ஏற்பாடு செல்லுபடியானது.

இதில் இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். 6800-இல் 16 பிட் முகவரியின் உயர் பைட் முதலில் வரும். 6502-இல் தாழ் பைட் முதலில் வரும்படி மாற்றினார்கள். தாழ் பைட் வந்தவுடனே அதோடு 'எக்ஸ்' அல்லது 'ஒய்' மதிப்பைக் கூட்டத் தொடங்கிவிடலாம். கூட்டி முடிப்பதற்குள் உயர் பைட் வந்து சேரும். உயர் பைட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய மிகுதி எதுவும் இல்லாவிட்டால் ஒரு துடிப்பு மிச்சம். மிகுதி இருந்தால், அதாவது முகவரி அடுத்த 256 பைட் பக்கத்துக்குத் தாண்டினால், ஒரு துடிப்பு கூடுதல். 6502-இல் ஒரு கட்டளைக்கு "4 அல்லது 5 துடிப்பு" என்று கையேடுகள் குழப்புவதற்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கிறது.

குறை எங்கே என்றால், அடுக்கு (தற்காலிக மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் நினைவகப் பகுதி) 256 பைட்டைத் தாண்டாது. 'சி' போன்ற மொழிகள் ஒவ்வொரு செயற்கூறின் (நிரலின் துணைப் பகுதி) மாறிகளையும் அடுக்கில்தான் வைக்கும். 6502-க்கு நல்ல 'சி' கம்பைலர் (அந்த மொழியைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) எழுதுவது இன்றும் பெரும்பாடு. கையால் அசெம்பிளி எழுதுபவரை மனத்தில் வைத்து வரையப்பட்ட செயலி அது. அந்தப் பணியில் அதற்கு நிகர் இல்லை.

இசட் 80-இன் கதை வேறு. இன்டெலில் 8080 செயலியை உருவாக்கிய ஃபெடரிகோ ஃபாஜின் வெளியேறிச் சைலாக் நிறுவனத்தைத் தொடங்கினார். 8080-இல் பணியாற்றிய மசடோஷி ஷிமாவும் அங்கே வந்தார். 1976-இல் வந்த இசட் 80, 8080-க்கு எழுதிய நிரல்களை அப்படியே ஓட்டியது. அந்தப் பொருத்தப்பாட்டுக்குக் கொடுத்த விலையைக் கட்டளைத் தொகுதியிலேயே எண்ணிப் பார்க்கலாம். 256 கட்டளைக் குறிகளில் 8080 பயன்படுத்தாமல் விட்டவை வெறும் 12. புதிய வசதிகள் எல்லாவற்றையும் அந்தப் பன்னிரண்டு ஓட்டைகள் வழியாகத்தான் நுழைக்க வேண்டும். எட்டில் சில பயனுள்ள கட்டளைகளை வைத்தார்கள். மீதி நான்கை, "அடுத்து வரும் பைட்டை வேறு விதமாகப் படி" என்று சொல்லும் முன்னொட்டுகள் ஆக்கினார்கள். 'ஐஎக்ஸ்' கட்டளை 19 துடிப்புக்கு இழுப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

அந்தச் செயலியில் நான் மெச்சுவது கட்டளைகளை அல்ல, அதைச் சுற்றி அமையும் முழுக் கணினியின் செலவைக் கணக்கில் எடுத்ததை. டைனமிக் நினைவகச் சில்லுகளை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் அவற்றில் உள்ள தரவு அழிந்துவிடும். அதற்கென்று தனிச் சுற்று கட்டுவது கூடுதல் செலவு. இசட் 80 கட்டளையின் முதல் பைட்டை எடுத்த பிறகு, அதன் பொருளைப் பிரித்து அறியும் இரண்டு துடிப்புகளில் முகவரிப் பாட்டை (முகவரியைச் சுமக்கும் இணைப்புக் கம்பிகள்) சும்மா இருக்கும். அந்த நேரத்தில் புதுப்பிக்க வேண்டிய முகவரியைத் தானே வெளியே அனுப்பிவிடும். வேகத்தில் இழப்பில்லை, பலகையில் சில சில்லுகள் மிச்சம்.

உள்ளே இருந்த இன்னொரு சிக்கனம் பலருக்குத் தெரியாது. எட்டு பிட் செயலி என்று பெயர் பெற்ற இசட் 80-இன் கணக்கு அலகு நான்கு பிட் அகலமே கொண்டது. எட்டு பிட்டைக் கூட்ட அது இரண்டு முறை வேலை செய்யும். வெளியே யாருக்கும் தெரியாது; நினைவகத்துக்குக் காத்திருக்கும் துடிப்புகளில் அது ஒளிந்துகொள்கிறது. சிக்கனம் உள்ளே மறைந்திருந்தால் கேடில்லை என்று சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி அதிகம் சண்டை நடக்கும் இடம்: 8086-ம் 68000-மும்.

8086 இன்டெலின் கனவுச் செயலி அல்ல. நிறுவனம் பெரிதாக நம்பியிருந்த திட்டம் பின்னாளில் ஐஏபிஎக்ஸ் 432 என்ற பெயரில் 1981-இல் வந்தது; பிட் கணக்கில் நீளம் மாறும் கட்டளைகள், தரவுப் பொருள்களுக்கான பாதுகாப்பு எல்லாம் வன்பொருளிலேயே என்று ஆசைகளைச் சுமந்து, வேகத்தில் படுதோல்வி அடைந்தது. அது தாமதமானதால், இடைவெளியை நிரப்ப 1976-இல் ஸ்டீபன் மோர்ஸ் தலைமையில் அவசரமாக வரையப்பட்டதுதான் 8086. 1978-இல் வெளிவந்தது. சுமார் 29,000 டிரான்சிஸ்டர், 40 ஊசி. இருபது முகவரி இணைப்புகளையும் பதினாறு தரவு இணைப்புகளையும் நாற்பது ஊசிக்குள் அடக்க, ஒரே ஊசிகளை இரண்டுக்கும் மாறிமாறிப் பயன்படுத்தினார்கள்.

பதிவகங்கள் 16 பிட். அவற்றைக் கொண்டு 64 கிலோபைட்டைத்தான் சுட்ட முடியும். 1 மெகாபைட்டை எட்ட, துண்டு பதிவகம் என்ற இன்னொன்றைப் பதினாறால் பெருக்கி அதோடு கூட்டினார்கள். இதைப் பலரும் கேலி செய்வார்கள். 1976-இன் கண்ணோடு பார்த்தால் அது அவ்வளவு மோசமான முடிவு அல்ல. 8080-க்கு எழுதிய 64 கிலோபைட் நிரல்களை எளிதாக மாற்றிக்கொண்டுவரலாம். துண்டு பதிவகத்தை மட்டும் மாற்றி நிரலை நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். கட்டளைகளும் குட்டையாக இருக்கும்.

வினை வேறு இடத்தில் இருந்தது. "பதினாறால் பெருக்கு" என்ற விவரம் நிரல் எழுதுபவருக்குத் தெரியும். தெரிந்தால் பயன்படுத்தாமல் விடுவாரா? 64 கிலோபைட்டைத் தாண்ட வேண்டுமென்றால் துண்டு பதிவகத்தில் 4096-ஐக் கூட்டினார்கள். ஒரே பைட்டை 4096 வெவ்வேறு துண்டு-இடமாற்று (துண்டின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) இணைகளால் சுட்ட முடியும் என்பதால், இரண்டு பாயிண்டர்கள் (முகவரியைச் சுமக்கும் மாறிகள்) ஒரே இடத்தைக் குறிக்கின்றனவா என்று சோதிப்பதற்கே தனிக் கணக்கு தேவைப்பட்டது. 1982-இல் 80286 வந்தபோது அதன் பாதுகாப்பு நிலையில் துண்டு பதிவகத்துக்குப் பொருளே மாறியது. அது ஓர் அட்டவணையின் வரிசை எண் ஆயிற்று. பழைய கூட்டல் தந்திரங்கள் எல்லாம் அங்கே உடைந்தன. 80286-இன் நல்ல வசதிகள் பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வேகத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஐபிஎம் தன் 1981-ஆம் ஆண்டுப் பர்சனல் கம்ப்யூட்டருக்கு எடுத்தது 8088-ஐ. உள்ளே 8086, வெளியே எட்டு பிட் தரவுப் பாட்டை. கடிகாரம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஒரு பைட்டைப் பரிமாற நான்கு துடிப்பு. வகுத்துப் பாருங்கள்: ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 12 லட்சம் பைட். ஆறு ஆண்டு மூத்த 1 மெகாஹெர்ட்ஸ் 6502-ஐவிடச் சற்றே அதிகம்! இரண்டு பதிவகங்களைக் கூட்டும் கட்டளைக்குக் கையேடு 3 துடிப்பு என்று சொல்லும். ஆனால் அந்தக் கட்டளை இரண்டு பைட், வந்து சேரவே 8 துடிப்பு ஆகும். 8088-இல் கட்டளைகளின் துடிப்பு எண்ணிக்கையைப் பார்ப்பதைவிடப் பைட்டுகளை எண்ணுவதே நல்ல வேக மதிப்பீடு. அதனால்தான் அந்தக் கணினியின் நுட்பமான நிரலாளர்கள் குட்டையான கட்டளைகளைத் தேடி அலைந்தார்கள்.

68000-ஐ வரைந்தவர்கள் எதிர்த்திசையில் பந்தயம் கட்டினார்கள். 1979, சுமார் 68,000 டிரான்சிஸ்டர், 64 ஊசி. பதிவகங்கள் 32 பிட். தரவுக்கு எட்டு, முகவரிக்கு எட்டு. பதினாறையும் ஒரே தொகுதியாக வைக்காமல் இரண்டாகப் பிரித்ததும் சிக்கனம்தான்: பதிவகத்தின் எண்ணைக் குறிக்க நான்கு பிட்டுக்குப் பதில் மூன்று போதும், 16 பிட் கட்டளைக்குள் அது பெரிய மிச்சம். கணக்கு அலகோ 16 பிட்தான். 32 பிட் கூட்டலை இரண்டு தவணையாகச் செய்யும், 4 துடிப்புக்குப் பதில் 8 துடிப்பு எடுக்கும். பின்னால் வந்த 68020 அந்த அலகை 32 பிட்டாக அகலப்படுத்தியது. இந்த அகலத்துக்காகப் பழைய நிரல்களில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை; அவை வேகமாக ஓடின.

இந்த வித்தையை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360. ஜீன் ஆம்டால், ஃபிரெட் புரூக்ஸ், கெரிட் பிளாவ் ஆகியோரின் குழு, நிரலாளருக்குத் தெரியும் கட்டமைப்பு வேறு, அதைச் செயல்படுத்தும் சுற்று வேறு என்று பிரித்தது. அந்த வரிசையின் சிறிய மாடல் 30, எட்டு பிட் பாதையைக் கொண்டே 32 பிட் கட்டமைப்பை நடத்தியது.

ஆனால் 360 செய்த தவறையும் 68000 பிசகாமல் திரும்பச் செய்தது. இரண்டிலும் முகவரி 24 பிட், பதிவகம் 32 பிட். மேலே உள்ள எட்டு பிட்டை வன்பொருள் கண்டுகொள்ளாது. சும்மா கிடக்கும் எட்டு பிட்டை நிரலாளர்கள் விட்டுவைப்பார்களா? 360-இல் அங்கே கொடிகளை (ஆம், இல்லை என்று குறிக்கும் தனிப் பிட்டுகள்) செருகினார்கள். ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணினியின் நினைவக மேலாண்மையும் 68000-இல் அதையே செய்தது. ஐபிஎம் 1983-இல் முகவரியை விரித்தபோது 31 பிட்டோடு நின்றுகொண்டு, பழைய 24 பிட் நிரல்களுக்குத் தனி நிலையையும் வைத்திருக்க வேண்டியதாயிற்று. 68020 முழு 32 பிட் முகவரியோடு வந்தபோது மெக்கின்டோஷ் நிரல்கள் பல ஆண்டுகள் சரி செய்யப்பட்டுக்கொண்டே இருந்தன. "பயன்படுத்தாத பிட்டுகள் பூஜ்யமாக இல்லாவிட்டால் பிழை" என்று முதல் சில்லிலேயே வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. சில லாஜிக் கதவுகள் (சிறு தருக்கச் சுற்றுகள்) செலவாகியிருக்கும், அவ்வளவுதான்.

68000-இன் மற்றொரு குறை சில்லுக்குள் இருந்தது. நினைவகத்தில் இல்லாத, வட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய பக்கத்தைத் தொட்டால் கட்டளையை நிறுத்தி, பக்கத்தைக் கொண்டுவந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதற்குத் தேவையான நிலை விவரங்களை 68000 முழுமையாகச் சேமிக்கவில்லை. மெய்நிகர் நினைவகம் என்னும் இந்த வசதி வேண்டிய அப்பல்லோ நிறுவனம் தன் பணிநிலையத்தில் இரண்டு 68000-ஐ வைத்துச் சமாளித்தது. 1982-இல் வந்த 68010 அதைத் திருத்திவிட்டது.

அப்படியிருக்க 8086 ஏன் வென்றது? முதல் சுற்றில் தொழில்நுட்பத்துக்கு அதிகப் பங்கில்லை. 8088-ஐ எட்டு பிட் உலகத்தின் மலிவான துணைச் சில்லுகளோடு இணைக்கலாம். 68000-க்கு அப்படிப்பட்ட எட்டு பிட் தம்பி, 68008, ஐபிஎம் கணினி வெளிவந்த பிறகுதான் வந்தது. 8080-க்கு எழுதப்பட்டிருந்த மென்பொருள்களை மாற்றிக்கொண்டுவருவதும் சுலபம். ஐபிஎம் எடுத்தது, மற்றவர்கள் நகலெடுத்தார்கள், மென்பொருள் குவிந்தது.

இரண்டாம் சுற்றுதான் உண்மையில் சுவாரசியமானது. அதைப் புரிந்துகொள்ள வாக்ஸ் என்ற கணினி வரிசையின் பக்கம் போக வேண்டும். டெக் நிறுவனத்தின் பழைய பிடிபி-11 நல்ல கட்டமைப்பு; அதன் தீராத நோய் 16 பிட் முகவரி. முகவரிப் பிட்டுகள் போதாமல் போவது எளிதில் மீள முடியாத தவறு என்று அதன் வடிவமைப்பாளர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். 1977-இல் வந்த வாக்ஸ்-11/780 அதற்கு 32 பிட்டில் மருந்து கொடுத்தது. கூடவே எதையும் எதோடும் சேர்க்கலாம் என்ற தாராளத்தையும் கொடுத்தது. ஒரு கட்டளைக்கு ஆறு செயலேற்பிகள் (கட்டளை கையாளும் மதிப்புகள்) வரை இருக்கலாம். ஒவ்வொன்றும் எந்த முகவரி முறையிலும் (மதிப்பு எங்கே உள்ளது என்று சொல்லும் விதம்) இருக்கலாம். பல்லுறுப்புக்கோவையின் மதிப்பைக் கணக்கிடவே ஒரு கட்டளை உண்டு. நினைவகம் மெதுவானது, விலை அதிகமானது, எனவே ஒரு கட்டளையைக் கொண்டுவந்தால் அது நிறைய வேலை செய்யட்டும் என்ற தர்க்கம். செயலிக்குள் இருக்கும் நுண்நிரல் (ஒவ்வொரு கட்டளையையும் படிப்படியாக நடத்தும் உள் நிரல்) முதன்மை நினைவகத்தைவிட வேகமாக இருந்தவரை அந்தத் தர்க்கம் சரி.

கேஷ் நினைவகம் (செயலியின் அருகில் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) வந்ததும் அடித்தளமே நகர்ந்தது. அடிக்கடி ஓடும் எளிய கட்டளைகளும் நுண்நிரலின் வேகத்திலேயே கிடைக்கத் தொடங்கின. 1980-இல் டேவிட் பேட்டர்சனும் டேவிட் டிட்சலும் ரிஸ்க் என்னும் எளிய கட்டளை வழிக்கு ஆதரவாக எழுதிய கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு பிரபலமானது: வாக்ஸ்-11/780-இல் அணியின் உறுப்பைக் கண்டறியும் சிறப்புக் கட்டளையை நீக்கிவிட்டு, அதே இயந்திரத்தின் எளிய கட்டளைகள் சிலவற்றைக் கொண்டு அதே வேலையைச் செய்தால் 45 சதவீதம் வேகம் கூடியது. டெக்கின் ஜோயல் எமரும் டக்ளஸ் கிளார்க்கும் 1984-இல் அளந்து சொன்னது, அந்த இயந்திரம் ஒரு கட்டளைக்குச் சராசரியாக 10.6 துடிப்பு எடுத்தது என்று.

நுண்நிரலைவிட ஆழமான சிக்கல், கட்டளையைப் பிரித்தறியும் முறையில் இருந்தது. முதல் செயலேற்பி எத்தனை பைட் என்று தெரிந்தால்தான் இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இரண்டாவது முடிந்தால்தான் மூன்றாவது. பல கட்டளைகளை ஒரே நேரத்தில் பிரிக்க நினைப்பவருக்கு இது பெரிய தடை. ஒரே கட்டளை பல பக்கங்களைத் தொடலாம், நடுவில் எங்கும் தடைபடலாம்.

இப்போது 8086-ஐயும் 68020-ஐயும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 68000-இலேயே நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நேரே நகர்த்தலாம். 1984-இல் 68020 இன்னும் போய், நினைவகத்தில் உள்ள முகவரியைப் படித்து அதன் வழியாக மறுபடியும் படிக்கும் முறைகளைச் சேர்த்தது. நிரலாளருக்கு அழகு, பைப்லைன் (பல கட்டளைகளைக் கட்டம் கட்டமாக ஒன்றையொன்று தொடர்ந்து ஓட்டும் அமைப்பு) கட்டுபவருக்கு வேதனை. அசிங்கம் என்று ஏசப்பட்ட 8086-இலோ ஒரு சாதாரணக் கட்டளை அதிகபட்சம் ஒரு நினைவக இடத்தைத்தான் குறிக்கும். மறைமுகத்தின் மறைமுகம் கிடையாது. சரங்களைக் கையாளும் சில கட்டளைகள்தான் விதிவிலக்கு. இது யாரும் தொலைநோக்கோடு செய்ததல்ல. டிரான்சிஸ்டர் பற்றாக்குறையால் வந்த எளிமை. ஆனால் 1995-இல் அதன் வாரிசான பென்டியம் புரோ ஒவ்வொரு கட்டளையையும் சில எளிய நுண்செயல்களாக உடைத்து, முறை மாற்றி ஓட்டத் தொடங்கியபோது, உடைப்பதற்கு ஏற்ற வடிவில் அது இருந்தது. கட்டளைகளின் நீளம் மாறுவதால் எல்லைகளைக் கண்டுபிடிக்கச் சுற்று தேவைப்பட்டது. பல லட்சம் டிரான்சிஸ்டர் உள்ள சில்லில் அது தாங்கக்கூடிய செலவு. இன்டெலின் தொழிற்சாலைத் திறனையும் விற்பனை அளவையும் குறைத்துச் சொல்லவில்லை. அதே பணத்தை வாக்ஸில் கொட்டியிருந்தால் இதே பலன் கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்காது என்பதே என் எண்ணம். டெக் நிறுவனமே வாக்ஸை விட்டுவிட்டு 1992-இல் ஆல்ஃபா என்ற ரிஸ்க் செயலிக்குப் போனது.

ரிஸ்க் என்றால் கட்டளைகளின் எண்ணிக்கை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணிக்கை முக்கியமே அல்ல. கட்டளைகள் ஒரே நீளம், நினைவகத்தைத் தொடுவது எடுத்தல்-வைத்தல் கட்டளைகள் மட்டும், மற்றதெல்லாம் பதிவகங்களுக்குள், வேலையை ஒழுங்குபடுத்துவது கம்பைலர். எழுபதுகளின் நடுவில் ஐபிஎம்மில் ஜான் காக் தொடங்கிய 801 திட்டம் இதன் முன்னோடி. இதற்கும் விலை உண்டு: நிரல் பருக்கும், நினைவகத்திலிருந்து கட்டளைகள் இடையறாது வர வேண்டும்.

ரிஸ்க் செயலிகளும் சுத்தமானவை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். கசிவுகள் அங்கேயும் உண்டு. பார்க்கப்போனால் மிகத் துல்லியமான கசிவுகள் அங்கேதான். மிப்ஸ் என்ற ரிஸ்க் செயலியில் கிளைக் கட்டளைக்கு (நிரலை வேறு இடத்துக்குத் தாவச் செய்யும் கட்டளை) அடுத்துள்ள கட்டளை, கிளை பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் ஓடும். ஐந்து கட்டப் பைப்லைனில் வீணாகும் ஒரு துடிப்பை இப்படிப் பயன்படுத்தியது அன்று புத்திசாலித்தனம். 1991-இல் அதே வரிசையின் ஆர்4000 எட்டுக் கட்டப் பைப்லைனோடு வந்தபோது கிளையின் தாமதம் மூன்று துடிப்பாகிவிட்டது; ஒரு கட்டளை இடம் அதற்குப் போதாது, ஆனால் பழைய நிரல்களுக்காக அந்த ஒன்றைத் தொடர்ந்து காப்பாற்றவும் வேண்டும். அந்த இடத்தில் உள்ள கட்டளையில் பிழை நேர்ந்தால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்பதற்குத் தனிப் பிட் வேறு. ஸ்பார்க் என்ற இன்னொரு ரிஸ்க் செயலி 1987-இல் செயற்கூறு அழைப்புகளை வேகமாக்கப் பதிவகச் சாளரங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய பதிவகங்கள், முந்தையவற்றில் எட்டு பொதுவாக இருக்கும். அழைப்புகள் ஆழமாகிச் சாளரங்கள் தீர்ந்தால் இயக்கமுறைமை வந்து பழைய சாளரத்தை நினைவகத்துக்கு அள்ளிக் கொட்ட வேண்டும். கம்பைலர்கள் பதிவகங்களைப் பங்கிடுவதில் தேர்ந்த பிறகு அந்தச் சாளரங்களின் பயன் மங்கிவிட்டது. சுமை மட்டும் மிஞ்சியது.

ஆர்ம் இந்த வரிசையில் தனி ரகம். பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன் கட்டளைத் தொகுதியை வரைய, ஸ்டீவ் ஃபர்பர் சுற்றமைப்பைச் செய்தார். 1985 ஏப்ரலில் முதல் சில்லு வந்தது, முதல் முயற்சியிலேயே ஓடியது. சுமார் 25,000 டிரான்சிஸ்டர். 16 பிட் 8086-ஐவிடக் குறைவு, ஆனால் இது முழு 32 பிட். (அந்தச் சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்காதபோதும், மற்ற ஊசிகளின் வழியே கசிந்த மின்சாரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது என்று ஃபர்பர் சொல்வார். குறைந்த மின்சாரம் அவர்களின் முதல் நோக்கம் அல்ல. மலிவான பிளாஸ்டிக் உறையில் சூடாகாமல் அடங்க வேண்டும் என்ற கட்டாயத்தின் பக்க விளைவு.)

6502-இல் கணினிகள் செய்து வளர்ந்தவர்கள் அவர்கள். நினைவகத்தின் வேகம்தான் கணினியின் வேகம் என்பது அவர்களுக்கு ஊறிப்போன பாடம். டைனமிக் நினைவகத்தில் அடுத்தடுத்த முகவரிகளைப் படிப்பது, தாவித் தாவிப் படிப்பதைவிட விரைவு. எனவே அடுத்த முகவரி தொடர்ச்சியானதா என்பதை முன்கூட்டியே தெரிவிக்கும் சமிக்ஞையைச் செயலியில் வைத்தார்கள். பல பதிவகங்களை ஒரே கட்டளையில் வரிசையாக எடுக்கவும் வைக்கவும் வழி செய்தார்கள். கேஷ் இல்லாமலே நல்ல வேகம் கிடைத்ததற்கு இவை காரணம். சுத்த ரிஸ்க்வாதி முகம் சுளிக்கும் கட்டளைகள்தான் இவை, பலன் கண்கூடு. எல்லாக் கட்டளைகளுக்கும் நிபந்தனை சேர்க்கலாம் என்பதும் அப்படியே: கிளை பிரிந்தால் பைப்லைனை மறுபடி நிரப்ப வேண்டும், அதைவிட ஓரிரு கட்டளைகளை ஓடாமல் தாண்டிவிடுவது மேல்.

அவர்களும் ஒரு கசிவை விட்டுவைத்தார்கள். அடுத்த கட்டளையின் முகவரியையும், ஆறு கொடிகளையும், இரண்டு நிலைப் பிட்டுகளையும் ஒரே 32 பிட் பதிவகத்துக்குள் திணித்தார்கள். ஒரு பதிவகத்தைச் சேமித்தால் எல்லாம் சேமிக்கப்பட்டுவிடும் என்பது வசதி. நிரல் 64 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது விலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆர்ம் 6 வந்தபோது அதைப் பிரித்தார்கள். 2011-இல் அறிவித்த 64 பிட் கட்டமைப்பில் எல்லாவற்றுக்கும் நிபந்தனை என்பதையும் கைவிட்டார்கள்; கிளைகளை ஊகிக்கும் சுற்றுகள் தேர்ந்துவிட்ட பிறகு நான்கு பிட்டை அதற்கு ஒதுக்குவது வீண்.

ஆக, எது சிறந்தது? கொடுத்த டிரான்சிஸ்டருக்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் ஆர்ம்; கொடுத்த பணத்துக்கு என்றால் 6502; கையால் நிரல் எழுதும் சுகத்துக்கு 68000. 8086-ஐ நான் இந்த மூன்றிலும் முதலிடத்தில் வைக்கமாட்டேன், ஆனால் அதை மட்டமான செயலி என்று சொல்பவர்கள் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசத்தையும் நாற்பது ஊசியையும் மறந்துவிடுகிறார்கள்.

அசெம்பிளி கற்க 6502-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் பாட்டையில் என்ன போகிறது என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்கு அது சிறியது. கட்டளைகளை ஓரிரு நாளில் படித்துவிடலாம். அடுத்து 32 பிட் ஆர்ம். அடுக்கு, செயற்கூறு அழைப்பு, கம்பைலர் உருவாக்கும் நிரல் ஆகியவற்றை அதில் பார்ப்பது எளிது. இசட் 80-உம் நல்ல தொடக்கம்தான், முன்னொட்டுக் கட்டளைகளை முதல் சுற்றில் தொடாமல் விட்டுவிட்டால். 8086-ஐ, துண்டு பதிவகங்களோடு மல்லுக்கட்ட வேண்டிய பழைய நிரல் ஏதாவது கைக்கு வரும்வரை தள்ளிப்போடலாம்.